பங்குனிக் கடைசி முதல் சித்திரைவரை: இந்தப் பருவத்தில் மட்டும் கிடைப்பதை வைத்து என்ன செய்தீர்கள்?

மொட்டைமாடி (திருச்சி)

ஒரு நிபந்தனையோடு தொடங்குகிறேன். சின்னச் சின்னச் சந்தோஷத்துக்காகச் செய்யும் கைவேலை, சமையல், படம், தையல் எதுவானாலும் சரி. ஆனால் அதற்கு வேண்டிய பொருள் இந்தப் பருவத்தில் மட்டும் கிடைப்பதாக இருக்க வேண்டும். எந்த மாதமும் கடையில் வாங்கிவிடக்கூடிய கம்பளி நூலும் அக்ரிலிக் பெயின்ட்டும் இங்கே வேண்டாம், அவற்றுக்கு ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பஞ்சாங்கப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும்தான். மரங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, பங்குனியிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. அதனால் பங்குனிக் கடைசியையும் சேர்த்துக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் முதலில் மாவடு. காந்தி மார்க்கெட்டில் உருண்டை வடு, கிளிமூக்கு இரண்டும் வந்திருந்தன. நான் எப்போதும் உருண்டைக் கட்சி. காம்பு உள்ளதாகப் பொறுக்கி, கழுவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, எட்டுப் பங்கு வடுவுக்கு ஒரு பங்கு கல்லுப்பும் மஞ்சள்தூளும் போட்டு ஜாடியில் அடைத்தாயிற்று. தினமும் ஒருமுறை குலுக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் தானாகவே தண்ணீர் விட்டுக்கொள்ளும், தோல் சுருங்கத் தொடங்கும். சுருங்கிய பிறகுதான் அந்த உப்புத் தண்ணீரிலேயே கடுகும் மிளகாயும் அரைத்துச் சேர்ப்பது. குலுக்கும் வேலையை என் மாமனார் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் பேப்பருக்கு முன்னால் ஜாடி.

அடுத்தது வேப்பம்பூ. ராத்திரி மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டால் போதும், விடியற்காலையில் பூ காத்திருக்கும். முறத்தில் புடைத்துக் குச்சி, இலை நீக்கிக் காயவைக்கிறேன். புத்தாண்டுப் பச்சடிக்குப் பச்சைப் பூ, மற்றதெல்லாம் ரசத்துக்கு. இதில் ஒரு சந்தேகம்: வெயிலா, நிழலா? எங்கள் அம்மா நிழல் என்பார். மாமியார் நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காய வேண்டும் என்பார். நான் நடுவில் நிற்கிறேன்.

வடாமும் கொஞ்சம் பிழிந்தாயிற்று. உங்கள் வீட்டில் என்ன?

போடிமெட்டு

எங்கள் ஊரில் இந்த மாதம் என்றால் இலவம்பஞ்சுதான். போடிநாயக்கனூரை ஏலக்காய்க்குத்தான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள், பஞ்சு வியாபாரமும் இங்கே உண்டு. காய் முற்றிப் பழுப்பானதும் தொரட்டியால் இழுத்துப் போட்டு, வெயிலில் காயவைத்து ஓட்டை உடைத்தால் உள்ளே பஞ்சு பட்டுப்போல இருக்கும்.

எங்கள் தோட்டத்து ஓரத்தில் இரண்டு மரம். வழக்கமாகக் காயோடு குத்தகைக்கு விட்டுவிடுவோம். இந்த வருடம் ஒரு மரத்தை நிறுத்திவைத்து வீட்டுக்குத் தலையணை செய்யலாம் என்று இறங்கினோம். கடையில் இலவம்பஞ்சுத் தலையணை என்று வாங்கிப் பிரித்துப் பார்த்தால் சில சமயம் உள்ளே வேறு என்னென்னவோ இருக்கிறது, அந்தக் கோபம்தான் காரணம்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயம். விதை பிரிப்பதுதான் பெரிய வேலை. விதைகள் கருப்பாக, மிளகு அளவில் இருக்கும். கையால் ஒவ்வொன்றாக எடுத்தால் ஆடி வந்துவிடும். பெரிய அட்டைப்பெட்டியில் பஞ்சைப் போட்டு, நுனியில் குறுக்குக் குச்சி கட்டிய கம்பால் மத்துக் கடைவதுபோல் சுழற்றினால் விதை அடியில் இறங்கிவிடும், பஞ்சு மேலே பொங்கும். பெட்டியின் மேல் கொசுவலைத் துணியைக் கட்டி, நடுவில் கம்பு நுழைய ஓட்டை விடுங்கள். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வரவேண்டாம்.

துணி நெருக்கமாக நெய்ததாக இல்லாவிட்டால் பஞ்சு வெளியே கசியும். ஒரு தலையணைக்குச் சுமார் ஒரு கிலோ பிடிக்கும். திணித்த முதல் நாள் பலூன்போல் இருக்கும், அதைப் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள், படுக்கப் படுக்க அமுங்கும். துவைக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி எழும்பிக்கொள்ளும்.

தண்ணீரை உறிஞ்சாத பஞ்சு இது. இழையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, உள்ளே வெறும் காற்று. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். என் மகள் ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினாள்.

மூன்றாம்மாடி (சென்னை)

படிக்கவே ஆசையாக இருக்கிறது. எங்களுக்கு மாமரமும் இல்லை, இலவமும் இல்லை. வேளச்சேரியில் மூன்றாவது மாடி வாடகை வீடு. மொட்டை மாடிக்குப் பூட்டு, சாவி அசோசியேஷனிடம். பால்கனியில் துணிக்கொடிக்குப் போக ஒரு நாற்காலி போடும் இடம்தான் மிச்சம். வெயில் மட்டும் தாராளமாக வருகிறது, மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை நிற்க முடியாது. மொட்டைமாடி அக்காவின் நிபந்தனைக்குள் வருகிற மாதிரி எனக்கு ஏதாவது உண்டா?

நீலத்தாள் (சென்னை)

தம்பி, வெயில் இருக்கிறதே! இந்த மாதத்துச் சரக்கே அதுதான். அதை வைத்துப் படம் எடுக்கலாம். கேமரா வேண்டாம்.

வேண்டியவை: சமையல் மஞ்சள்தூள், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட், கொஞ்சம் கனமான தாள் (வாட்டர்கலர் தாள் நல்லது, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்கூட ஆகும், வழவழப்பாக இருக்கக் கூடாது), ஒரு பழைய போட்டோ ஃபிரேமின் கண்ணாடி, இரண்டு கிளிப்.

இரண்டு மூன்று ஸ்பூன் மஞ்சள்தூளை அரை டம்ளர் ஸ்பிரிட்டில் கலக்கி வையுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் செய்யக் கூடாது, ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். தூள் அடியில் தங்கியதும் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை மட்டும் எடுத்துத் தாளில் தூரிகையால் ஒரே சீராகத் தடவி, இருட்டான அலமாரியில் உலர்த்துங்கள். காய்ந்த தாளின்மேல் ஓர் இலையை வைத்து, கண்ணாடியால் அழுத்திக் கிளிப் போட்டு, பால்கனி வெயிலில் வைத்துவிடுங்கள். சென்னை சித்திரை வெயிலுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்துக் கிரீம் நிறமாகும். இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும்.

இதன் சூட்சுமம் நம் எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான். வேட்டியில் சாம்பார் கொட்டினால் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? சோப்புப் போட்டு வெயிலில் விரிப்பார்கள், சாயங்காலம் கறை காணாமல் போயிருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் ஒளியில் சிதைந்துவிடுகிறது. கறைக்கு எதிராகச் செய்வதை இங்கே படத்துக்காகச் செய்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது கட்டம் இன்னும் சுவாரசியம். சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து அந்தத் தாளின்மேல் தடவினால், மஞ்சளாக நின்ற இலை கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல். மஞ்சளிலிருந்து வீட்டுக் குங்குமம் செய்வதும் இப்படித்தான்.

தாவரச் சாறுகளை வைத்து இப்படிப் படம் எடுக்கும் சோதனைகளை 1842இல் வெளியிட்டவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். அவர் இங்கிலாந்து வெயிலில் நாள்கணக்கில் காத்துக்கிடந்திருப்பார். நமக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதும்.

ஒரு குறை உண்டு. இது நிலைக்காது. சுவரில் மாட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குறுக்குக்கேள்வி

சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருப்பவர்கள் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். மஞ்சள் படம் சரி, அது விளையாட்டு. ஆனால் மாவடு, வடாம், வேப்பம்பூ எல்லாம் எப்போது ‘சின்னச் சின்னச் சந்தோஷம்’ ஆனது? என் அம்மாவுக்குச் சித்திரை என்றால் பயம். விடியற்காலை நாலு மணிக்குக் கூழ் கிண்டி, வெயில் ஏறுவதற்குள் மாடியில் பிழிந்து முடித்து, காக்கை காவல் இருந்து, சாயங்காலம் மழை மேகம் வந்தால் ஓடி எடுத்து, அதற்கு நடுவில் மூன்று வேளைச் சமையலும் செய்து, லீவுக்கு வந்த அத்தனை பிள்ளைகளுக்கும் பரிமாறியவர் அவர். கையெல்லாம் கூழ்ச் சூட்டுத் தழும்பு. அதை ‘கிரியேட்டிவ் புராஜெக்ட்’ என்று நாம் எழுதினால் அவர் சிரிப்பார். அல்லது சிரிக்க மாட்டார்.

மொட்டைமாடி (திருச்சி)

> அதை ‘கிரியேட்டிவ் புராஜெக்ட்’ என்று நாம் எழுதினால் அவர் சிரிப்பார்.

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. என் அம்மாவும் அப்படித்தான். வருடத்துக்கு வேண்டிய வடாமும் வற்றலும் அவர் போட்டாக வேண்டும், போடாவிட்டால் மழைக்காலத்தில் தொட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது, பேச்சும் கேட்க வேண்டும். யாரும் அவரிடம் இந்த வருடம் போடுகிறாயா என்று கேட்டதில்லை.

எனக்கு அது சந்தோஷமாக இருப்பதற்குக் காரணமே, நான் போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்பதுதான். போன வருடம் முட்டிவலி, ஒன்றுமே செய்யவில்லை. அண்ணாச்சி கடையில் வடாம் வாங்கினோம், வீடு அப்படியேதான் இருந்தது. இந்த வருடம் ஆசை வந்தது, அளவாகச் செய்தேன். அம்மாவுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது அநியாயம், அதை நான் மறைக்கவில்லை. அதற்காக அவர் கையில் இருந்த நுணுக்கத்தையும் வேலைக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியுமா? கூழ் எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதைக் கரண்டி திரும்பும் கனத்தை வைத்தே சொல்வார். அது கலைஞர்களிடம் இருக்கிற அறிவுதான்.

இன்னொன்று. எங்கள் வீட்டில் இப்போது குலுக்குவது மாமனார், கூழ் கிண்டுவது என் கணவர், காக்கை காவல் பிள்ளைகள். நான் மேற்பார்வை. உங்கள் வீட்டிலும் அப்படி மாற்றிப் பாருங்கள், அப்புறம் அம்மா என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுங்கள்.

குறுக்குக்கேள்வி

மேற்பார்வை என்ற பதவியைச் சொன்னால் அம்மா உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஆனால் கிண்டுபவன் கதி?

முற்றத்துவேம்பு (யாழ்ப்பாணம்)

மொட்டைமாடி அக்கா, வெயிலா நிழலா என்று கேட்டிருந்தீர்கள். நிழலில் காய்ந்தால் பூவின் வாசம் நிற்கும், வெயிலில் காய்ந்தால் கனகாலம் கெடாமல் இருக்கும். நான் முதல் நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் போடுவேன். உங்கள் அம்மாவும் மாமியாரும் இரண்டு பேரும் வென்றதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்கள் பக்கம் வேப்பம்பூ என்றால் முதலில் நினைவுக்கு வருவது வடகம். உழுந்தை ஊறவைத்து, கோது நீக்கி, தண்ணீர் கூட விடாமல் கரகரப்பாக அரைத்தெடுக்க வேண்டும். அதற்குள் வேப்பம்பூ, பொடியாக வெட்டிய சின்ன வெங்காயம், இடித்த செத்தல் மிளகாய், சீரகம், கறிவேப்பிலை, உப்பு. சிறு சிறு வட்டமாகத் தட்டிச் சுளகில் அடுக்கி, நல்ல வெயிலில் திருப்பித் திருப்பிக் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்துவிடும், ஆகவே மெல்லியதாகத் தட்டுவது நல்லது. எண்ணெயில் பொரித்துச் சோற்றோடு சாப்பிட்டால் கைப்பு பின்னால்தான் வரும், அதுவும் உறைப்போடு சேர்ந்து வரும்.

எங்கள் வளவில் ஒரு வேம்புதான். பூ விழத் தொடங்கினால் முற்றம் முழுக்க வெள்ளை. கூட்டுவதற்கு மனம் வராது.

குறுக்குக்கேள்விக்கும் ஒரு பதில் தோன்றுகிறது. வடகம் தட்டும் நாள் என்றால் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாமி, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். தட்டினதை விடக் கதைத்ததுதான் அதிகம். வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் தனியே செய்யும் வேலைக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தது. இப்போது ஆளுக்கொரு வீட்டுக்குள் நின்று செய்வதால்தான் பாரமாகத் தெரிகிறதோ என்னவோ.

வருஷப்பிறப்புக்கு ஆண்பிள்ளைகளின் கலை வேறு: போர்த்தேங்காய், தேங்காயோடு தேங்காயை மோதி எது உடைகிறது என்று பார்க்கும் போட்டி. ஓடு தடித்த தேங்காயாகப் பார்த்து, கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, ஒரு நகை வாங்குவதற்கு எடுக்காத நேரத்தை அதற்கு எடுப்பார்கள். என் தம்பி இந்த முறையும் சந்தையில் அரை நாள் நின்றான். தோற்ற தேங்காய்களை நாங்கள் சம்பலுக்கு எடுத்தோம்.

வைகைக்கரை (மதுரை)

நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்துங்கள் அக்கா. நான் செய்ததற்கு வேண்டிய துணியும் ஜரிகையும் எல்லா மாதமும் கிடைக்கும். ஆனால் அதைப் போட்டுக்கொள்கிற நாள் இந்த மாதத்தில் மட்டும்தான் வருகிறது.

என் பையனுக்கு அழகர் வேடத்துக்கான உடை தைத்தேன். தெரியாதவர்களுக்காக: சித்ரா பௌர்ணமி அன்று கள்ளழகர் வைகையில் இறங்குவார். முதல் நாள் எதிர்சேவை. மக்கள் செம்பில் சர்க்கரை நிரப்பி, அதன்மேல் சூடம் ஏற்றி அவரை வரவேற்பார்கள். நேர்ந்துகொண்டவர்கள் தோப்பறை என்ற தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவார்கள். அவர்கள் போடும் உடைதான் சல்லடம், தலைக்கு உருமா. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று துண்டுத் துணிகளை ஒட்டி, விளிம்பெல்லாம் ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைத்திருப்பார்கள். மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிய காலத்தில் எங்கள் தாத்தா காலையில் அளவு கொடுத்துவிட்டு மாலையில் வாங்கி வருவாராம்.

இந்த வருடம் நானே தைக்க வேண்டும் என்று பிடிவாதம். யூடியூபில் தேடினால் இதற்கு வெட்டு முறை சொல்லும் வீடியோ ஒன்றும் எனக்குச் சரியாக அகப்படவில்லை. தாத்தாவின் பழைய சல்லடத்தை எடுத்து, ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்து, செய்தித்தாளில் வைத்து வரைந்து அச்சு எடுத்தேன். அதில் ஒன்று புரிந்தது. கால் அகலமாக இருப்பது அழகுக்கு மட்டும் இல்லை. நனைந்த துணி தொடையில் ஒட்டினால் ஆட முடியாது, அதற்குத்தான் அவ்வளவு சுற்று. தொடை நடுவில் கூடுதலாக ஒரு சதுரத் துண்டு வைத்திருக்கிறார்கள், காலைத் தூக்கி ஆடினாலும் கிழியாது. யாரோ ஒரு தையற்காரர் எப்போதோ யோசித்து வைத்தது. என் மனைவியின் பழைய பட்டுப் புடவை பார்டர் விளிம்புக்குப் போனது. (கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.)

ராமராயர் மண்டபத்துக்கு முன்னால் கூட்டத்தில் பையன் ஆடினான். தையல் தாங்கியது.

மொட்டைமாடி (திருச்சி)

தளர்த்தியாயிற்று. இதற்குத் தளர்த்தாமல் எதற்குத் தளர்த்துவது?

நுங்குவண்டி (தூத்துக்குடி)

என் பெயரே பதில். நுங்கு வர ஆரம்பித்துவிட்டது. லீவுக்கு வந்த அக்கா பிள்ளைகளுக்கு நுங்கு வண்டி செய்யக் கற்றுக்கொடுத்தேன். பெங்களூருவில் வளர்ந்த பிள்ளைகள், முதலில் “இதில் பேட்டரி எங்கே?” என்றார்கள்.

நுங்கு தின்று முடித்த கூந்தலில், அதாவது வெறுங்காயில், ஒரே அளவுள்ள இரண்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று பெரிது ஒன்று சிறிது என்றால் வண்டி ஒரு பக்கமாகவே சுற்றும். நடுவில் துளைத்து ஒரு சாண் நீளக் குச்சியை அச்சாகச் செருக வேண்டும். அப்புறம் நுனி இரண்டாகப் பிரிந்த கவட்டைக் கம்பை அச்சின்மேல் வைத்துத் தள்ள வேண்டியதுதான். கம்பு பிள்ளையின் இடுப்பு உயரத்துக்கு மேல் இருந்தால்தான் குனியாமல் ஓட முடியும். புதிதாக வெட்டியது கனமாக நன்றாக ஓடும், காயக் காயச் சுருங்கி அச்சு ஆடும். இரண்டு நாள் ஆயுள். அப்புறம் மாட்டுக்குப் போய்விடும், குப்பை என்று ஒன்றும் மிஞ்சாது.

பனையேறும் அண்ணாச்சி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பச்சை ஓலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் பின்னிக் கொடுத்தார். கிலுகிலுப்பைக்குள் சின்னக் கல் போட்டுப் பின்னி மூடுவது கண்ணுக்கே தெரியவில்லை, அவ்வளவு வேகம். பிள்ளைகள் மெதுவாகச் செய்யச் சொல்லி மறுபடி மறுபடி கேட்டார்கள். மெதுவாகச் செய்தால் அவருக்கே மறந்துவிடுகிறது என்றார்.

போடிமெட்டு அண்ணே, முள்ளிலவுப் பஞ்சும் தலையணைக்கு ஆகுமா? சிவப்புப் பூ பூக்குமே, அந்த மரம்.

போடிமெட்டு

ஆகும் தம்பி. எங்கள் பக்கம் பஞ்சுக்கு வளர்ப்பது மற்றதைத்தான், அதன் பூ வெளிறிய நிறம். முள்ளிலவில் காய் வெடிப்பதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும், வெடித்தால் காற்றோடு போய்விடும். விதையைத் தூக்கிப் போடாதே. ஆட்டி எண்ணெய் எடுப்பார்கள், பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும்.

அரசமரத்தடி (கும்பகோணம்)

நான் ஒரு நாற்றம் பிடித்த வேலையோடு வந்திருக்கிறேன். அரச இலையின் நரம்பை மட்டும் பிரித்தெடுப்பது. குளக்கரை மரத்தில் இப்போது தளிர் செம்பு நிறத்தில் மினுமினுக்கிறது, பார்க்க அழகு, இதற்கு ஆகாது. முற்றிய பச்சை இலை வேண்டும். வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் ஊற வேண்டும். இந்த வெயிலுக்குச் சீக்கிரமே அழுகும். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, வாளியைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் கொசுப் பண்ணைதான். சதை குழைந்ததும் தட்டில் தண்ணீர்விட்டு அதில் இலையை மிதக்கவைத்து மெத்தென்ற பிரஷால் தடவினால் பச்சையெல்லாம் கழன்று வலைபோன்ற நரம்பு மட்டும் நிற்கும். காய்ந்ததும் அதன்மேல் வண்ணம் தீட்டலாம். நான் தீட்டுவதில்லை, அதன் பின்னலைவிட நன்றாக எனக்கு வரைய வராது. கறுப்புத் தாளில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நாற்றம் தாங்காது என்பவர்கள் சலவைச் சோடா போட்டு வேகவைத்து அவசரமாகவும் செய்யலாம். பழைய பாத்திரத்தில் செய்யுங்கள், அது மறுபடி சமையலுக்கு ஆகாது.

மூன்றாம்மாடி (சென்னை)

நீலத்தாள் சார், செய்து பார்த்துவிட்டேன்! முருங்கைக் கீற்று ஒன்று, வேப்பிலைக் கொத்து ஒன்று, அப்புறம் கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு கிளை. மூன்றிலும் முருங்கைதான் பிரமாதம், ஒவ்வொரு சிற்றிலையும் தனித்தனியாக விழுந்திருக்கிறது. கொத்தமல்லி கண்ணாடிக்குள் வெந்து தாளில் ஈரம் விட்டுவிட்டது.

கீழ்வீட்டு மாமி, பால்கனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று விசாரித்தார். சொன்னேன். சோடாவுக்குப் பதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டுத் தடவு, நிறம் ஏறும் என்று ஒரு டப்பா கொடுத்தனுப்பினார். ஏறியது. ஒரே தாளில் பாதி சோடா, பாதி சுண்ணாம்பு போட்டுப் பார்த்தேன், சுண்ணாம்புப் பக்கம் இன்னும் சிவப்பு. அந்த மாமியோடு நான் இதுவரை லிஃப்டில் தலையாட்டியதோடு சரி. இப்போது அவர் வீட்டுச் செம்பருத்தி இலை, ஓமவல்லி இலை எல்லாம் கேட்காமலே வருகின்றன.

நிலைக்கிற படம் வேண்டுமென்றால் என்ன செய்வது?

நீலத்தாள் (சென்னை)

ஓமவல்லி வேண்டாம் தம்பி, தடித்த இலை, கண்ணாடி சரியாக உட்காராது, ஓரம் மங்கிவிடும். முருங்கை, பெரணி, வேம்பு போன்ற மெல்லிய, பிளவுபட்ட இலைகளே இதற்கு ராசி.

நிலைக்க வேண்டுமென்றால் என் பெயருக்குக் காரணமான நீல அச்சு, ஆங்கிலத்தில் சயனோடைப். இதையும் கண்டுபிடித்தவர் அதே ஹெர்ஷல், அதே 1842. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடல்பாசிகளை இந்த முறையில் பதித்து வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களோடு வந்த முதல் புத்தகம் அதுதான் என்பார்கள். பிற்பாடு இன்ஜினியர்களின் கட்டட வரைபடம் நீலமாக இருந்ததும் இதனால்தான்.

ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்று இரண்டு உப்புகள். இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, தடவும் நேரத்தில் சம அளவு கலக்க வேண்டும். வெயில் படாத அறையில் தாளில் தடவி, இருட்டில் காயவைத்து, இலை வைத்து வெயிலில் காட்டினால் சில நிமிடம் போதும். பிறகு குழாய்த் தண்ணீரில் மஞ்சள் கரைசல் போகும்வரை அலசுங்கள். இலை வெள்ளையாகவும் பின்னணி நீலமாகவும் வரும். காயக் காய நீலம் கறுக்கும்.

எச்சரிக்கை இரண்டு. சமையல் பாத்திரம் எதையும் இதற்குத் தொடக் கூடாது. ஃபெர்ரிசயனைடோடு கடுமையான அமிலம், குறிப்பாகப் பாத்ரூம் கழுவும் ஆசிட், சேரவே கூடாது, விஷவாயு வரும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவர் கூட இருந்து செய்யுங்கள். மஞ்சள் படத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அதனால்தான் முதலில் அதைச் சொன்னேன்.

வைகைக்கரை (மதுரை)

சார், இதைத் துணியில் பதிக்க முடியுமா? பருத்தித் துணியில்?

நீலத்தாள் (சென்னை)

தாராளமாக. பருத்தி நன்றாகப் பிடிக்கும். கஞ்சி போகத் துவைத்த துணியாக இருக்கட்டும். பதித்த பிறகு சோப்புத்தூள், சலவைச் சோடா பக்கம் போகாதீர்கள், காரம் பட்டால் நீலம் மஞ்சளாக வெளிறிவிடும். காரமில்லாத சோப்பில் மெதுவாக அலசலாம். வெறும் தண்ணீர் எவ்வளவு பட்டாலும் ஒன்றும் ஆகாது.

வைகைக்கரை (மதுரை)

வெறும் தண்ணீர் படலாம் என்றால் சல்லடத்துக்கே ஆகுமே!

நுங்குவண்டி (தூத்துக்குடி)

அடுத்த வருடம் அழகர் நீலப் பட்டு உடுத்தி வந்தால் மதுரைக்காரர்கள் உங்களைத்தான் பிடிப்பார்கள் அண்ணே.

வைகைக்கரை (மதுரை)

ஐயோ வேண்டாம். அவர் பச்சைப் பட்டில் இறங்கினால்தான் ஊர் செழிக்கும் என்று எங்கள் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். நீலம் பையனின் உருமாவோடு நிற்கட்டும். வேப்பிலை பதித்தால் நன்றாக இருக்குமா, முருங்கையா?

மூன்றாம்மாடி (சென்னை)

முருங்கை. சந்தேகமே வேண்டாம்.